மனையும் மூச்சும் – நம் வட்டாரச் சேரிகளின் வரலாற்றில் ஓர் ஏடு

நிலத்துக்கு எல்லைக்கல் உண்டு. நீருக்குக் கரையும் மதகும் உண்டு. காற்றுக்கு மட்டும் வேலியில்லை என்று மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறோம். ஊரும் சேரியும் ஒரே காற்றைத்தான் உள்ளிழுக்கின்றன என்பதும் பலர் வாயில் வழங்கும் பேச்சே. இப்பேச்சு எவ்வளவு உண்மை என்பதை வரலாற்றை வைத்து ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வெள்ளிவிழா மலர் என்றால் வாழ்த்துரைகளும் வளர்ச்சிக் கணக்குகளும் நிறைந்திருப்பது இயல்பு. அவற்றை எழுதத் தக்க பெரியோர் எழுதுவர். நாமோ பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைப் புரட்டியே பழகியவர்கள். ஆகவே அப்பதிவேடு சொல்லும் செய்தியிலிருந்து தொடங்குகிறோம்.

ஐப்பசி அடைமழை தொடங்கியது முதல் தை அறுவடை முடியும் வரை, நம் வட்டாரப் பள்ளிகளில் சில பிள்ளைகளின் பெயருக்கு நேரே வருகைக் குறி விட்டுவிட்டு விழும். காரணம் கேட்டால் பெற்றோர் "இரைப்பு" என்பர். பிள்ளைகள் "வீசிங் சார்" என்பர். அப்பிள்ளைகள் எந்தத் தெருவிலிருந்து வருகின்றனர் என்று நாம் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறோம். ஏரிக்கரைக்குக் கீழே தாழ்ந்த மனைகளில் இருப்போர், ஒரே அறை வீட்டில் விறகடுப்போடு படுத்துறங்குவோர், கல் ஏற்றிய லாரிகள் செல்லும் சாலையோரத்தில் குடியிருப்போர் ஆகியோர் வீட்டுப் பிள்ளைகளே அவர்களிற் பெரும்பாலோர். நோய்க்குக் காரணம் உடம்பு மட்டுமன்று, மனையும் ஒன்று என்பதை அப்பதிவேடு நமக்குக் காட்டிற்று.

ஆஸ்துமா என்பது மூச்சுக்குழல்களின் உட்புறம் அழன்று வீங்குவதால் வரும் நோய். குழலைச் சுற்றியுள்ள தசை இறுகும். சளி சுரந்து வழியை அடைக்கும். உள்ளே போன மூச்சு வெளியே வரத் திணறும். பிறருக்குத் தீங்கு செய்யாத பொருளொன்றை உடம்பு பகையென்று எண்ணிப் போரிடுவதை ஒவ்வாமை என்கிறோம். ஆஸ்துமாக்காரர் பலருக்கு அந்த ஒவ்வாமை உண்டு. வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி, பூஞ்சை, கரப்பானின் கழிவு, பூக்களின் மகரந்தம் ஆகியன அதனைத் தூண்டுவன. புகையும் கல்தூசியும் ஒவ்வாமைப் பொருள்கள் அல்லவெனினும், அழன்ற குழலை மேலும் அழலச் செய்வன. இந்நோய் தொற்றுவதன்று; முன்வினைப் பயனும் அன்று. பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் இதனை மறைத்துப் பேசும் வழக்கம் நம்மிடையே இருப்பதால் இதனை அழுத்திச் சொல்கிறோம்.

2019ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 26 கோடியே 20 லட்சம் பேருக்கு ஆஸ்துமா இருந்ததென்றும், 4,55,000 பேர் அதனால் இறந்தனர் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. உலகத்து ஆஸ்துமா நோயாளரில் ஏறத்தாழ எட்டில் ஒருவரே இந்தியர். ஆனால் அந்நோயால் இறப்பவர்களிலோ பத்தில் நால்வருக்கு மேல் இந்தியர். இந்த இடைவெளியை இயற்கை உண்டாக்கவில்லை. மருந்து எட்டும் தொலைவில் இருப்பவன் பிழைக்கிறான். எட்டாத இடத்தில் இருப்பவன் இறக்கிறான்.

இடத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர்கள் முதலில் ஒரு வியப்பைக் கண்டனர். 1990இல் இரு ஜெர்மனிகளும் ஒன்றானபின், எரிகா வான் மூட்டியஸ் என்னும் மருத்துவ அம்மையார் கிழக்கிலிருந்த லைப்சிக் நகரப் பிள்ளைகளையும் மேற்கிலிருந்த மியூனிக் நகரப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார். பழுப்பு நிலக்கரிப் புகை சூழ்ந்த கிழக்கில்தான் ஆஸ்துமா மிகுந்திருக்கும் என்று எல்லோரும் எண்ணியிருந்தனர். இருமலும் மார்ச்சளியும் அங்கே மிகுந்திருந்தது உண்மையே. ஆஸ்துமாவும் மகரந்த ஒவ்வாமையுமோ செல்வம் மிகுந்த மேற்கில் அதிகமாக இருந்தன. அதற்குச் சற்று முன்பே, 1989இல், இங்கிலாந்தின் டேவிட் ஸ்ட்ராக்கன் என்பார், உடன்பிறந்தோர் மிகுந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மகரந்த ஒவ்வாமை குறைவு என எழுதியிருந்தார். 2016இல் அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்னும் இரு உழவர் கூட்டத்தாரை ஆராய்ந்தனர். இருவரும் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள். வழிமுறையிலும் உணவிலும் பெரும்பாலும் ஒத்தவர்கள். ஆமிஷ் மக்கள் வீட்டருகே மாடு கட்டிப் பழைய முறையில் உழவு செய்பவர்கள். ஹட்டரைட் மக்களோ எந்திர உழவினர், அவர்தம் மாட்டுப் பண்ணை வீட்டினின்று தொலைவில் இருப்பது. ஆஸ்துமா முன்னவர் பிள்ளைகளில் நூற்றுக்கு 5, பின்னவர் பிள்ளைகளில் நூற்றுக்கு 21. மாட்டுத் தொழுவத்து நுண்ணுயிர்களோடு சிறு வயதிலேயே பழகிய உடம்பு, எதனையும் பகையாக எண்ணித் துள்ளுவதில்லை என்பது இதிலிருந்து கொள்ளும் கருத்து.

இதனை நம் பக்கத்துக் கணக்கும் ஓரளவு ஒத்திருக்கிறது. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தார் சென்னையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரையில், 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் எப்போதேனும் மூச்சுத் திணறியவர்கள் நகரத்தில் நூற்றுக்கு 22 பேர், சிற்றூர்களில் 9 பேர் என்றனர். பெங்களூரு நகரில் மருத்துவர் பரமேஷ் 1979இல் நூற்றுக்கு 9 என்று கண்ட எண்ணிக்கை 1999இல் 29.5 ஆக உயர்ந்திருந்தது. ஆகவே, நாட்டுப்புறம் நலம் பயப்பது என்று சொல்வார் கூற்றில் உண்மை உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை.

ஆனால் "சிற்றூர்" என்று ஒரே சொல்லால் கணக்கெடுக்கும்போது அதற்குள் இருக்கும் இரண்டு ஊர்கள் ஒன்றாகிவிடுகின்றன. ஒரே கிராமத்தில் காரை வீட்டின் மாட்டுத் தொழுவமும் இருக்கிறது. ஒற்றை அறையின் அடுப்புப் புகையும் இருக்கிறது. மருத்துவரையே காணாதவன் "எனக்கு ஆஸ்துமா இல்லை" என்றுதான் விடை கூறுவான். நாட்டுப்புறத்தின் நன்மையை யார் பெற்றனர், தீமையை யார் பெற்றனர் என்று அறிய, யாருக்கு எங்கே மனை கிடைத்தது என்ற வரலாற்றைப் பார்த்தாக வேண்டும். அவ்வரலாற்றுக்கு நம் வட்டாரத்தைப்போல் சான்றுகள் நிறைந்த இடம் தமிழகத்தில் அரிது.

உத்திரமேரூர் என்றதும் குடவோலை நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் வைகுந்தப் பெருமாள் கோயிலில் பொறிக்கப்பட்ட சாசனங்கள் உலகப் புகழ் பெற்றவை. முப்பது குடும்புகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்பனவற்றையெல்லாம் நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படித்து மனப்பாடமாக ஒப்பிப்பர். அச்சாசனங்கள் கூறும் தகுதிகளில் ஒன்றை மட்டும் யாரும் நின்று நோக்குவதில்லை. வாரியத்துக்குப் பெயர் எழுதப்பட வேண்டியவன் வயதில் 35க்கு மேல் 70க்கு உட்பட்டிருக்க வேண்டும்; கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் உடையவனாக இருக்க வேண்டும்; வேதம் கற்றிருக்க வேண்டும்; அத்துடன், தன் சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும்.

சொந்த மனை! ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஊரில் பேசும் உரிமைக்கு அடிப்படை அதுவே என்று கல்லில் வெட்டி வைத்தனர். சதுர்வேதிமங்கலத்து அந்தணர்க்குள் நடந்த தேர்வு அது. ஏரி தூர்வாரியவனுக்கும் நாற்று நட்டவளுக்கும் அங்கே ஓலையில்லை. குடவோலையைப் பெருமையோடு பேசுவோரை நாம் குறை சொல்லவில்லை. அத்துணை நுட்பமான விதிகளை வகுத்த ஊர் நம் ஊர் என்பதில் நமக்கும் மகிழ்ச்சி உண்டு. வைரமேக தடாகம் என்று பல்லவர் பெயரிட்ட பேரேரியைக் காத்தவர்கள் அச்சபையார் என்றால், அதன் கரையில் மண் சுமந்தவர்கள் நம் முன்னோராகவே இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு வியப்பும் அச்சாசனத்தில் உண்டு. அதில் "சேரி" என்ற சொல் வருகிறது. பன்னிரண்டு சேரிகள் பேசப்படுகின்றன. அவை அந்தணர் வாழ்ந்த பகுதிகளே. சேர்ந்து வாழும் இடம் சேரி. அச்சொல்லில் இழிவு ஏதுமில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துச் சாசனங்களில், வரி நீக்கப்பட்ட நிலங்களின் வரிசையில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பனவும் தனித்தனியே காணப்படுகின்றன. ஊர்நத்தம் வேறு, பறைச்சேரி வேறு என்று பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கணக்கர் பிரித்தெழுதினர் என்பது இதனால் விளங்கும். காலம் செல்லச் செல்லப் பிறர் வாழ்ந்த சேரிகளெல்லாம் தெருக்களாயின. நம்முடையது மட்டும் சேரியாகவே நின்றது. தீண்டப்படாதார் ஏன் ஊருக்கு வெளியே வாழ்கின்றனர் என்ற வினாவையே முதன்மையாக வைத்து அண்ணல் அம்பேத்கர் 1948இல் ஒரு நூல் எழுதினார் என்பதை இளைஞர்கள் அறிந்திருப்பீர்கள்.

ஊருக்கு வெளியே என்றால் எந்தப் பக்கம்? நாம் சென்று பார்த்த கிராமங்கள் பலவற்றில் சேரி கிழக்கே இருக்கிறது. அல்லது நீர் வடியும் தாழ்ந்த பக்கத்தில் இருக்கிறது. ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசும். ஊரைக் கடந்து வரும் காற்று சேரிக்கு வரும். சேரியைத் தொட்ட காற்று ஊருக்குள் போகாது. ஊரில் வழிந்த நீர் சேரிக்கு வரும். சேரியில் தேங்கிய நீர் அங்கேயே நிற்கும். இதனை எல்லா ஊருக்கும் பொருந்தும் விதி என்று சொல்லத் துணியோம். மேற்கே சேரி உள்ள ஊர்களும் உண்டு. ஆயினும் தத்தம் ஊரின் வரைபடத்தைத் திசையோடு ஒருமுறை வரைந்து பார்க்குமாறு இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம். தாழ்ந்த மனையில் ஈரம் தங்கும். ஈரம் தங்கிய சுவரில் பூஞ்சை படரும். ஈரக்காற்றில் தூசி உண்ணி பெருகும். காற்றுக்கு வேலியில்லை என்பது உண்மைதான். ஆனால் மனைக்கு இடம் குறித்தவன் காற்றுக்கும் வழி குறித்துவிட்டான்.

இனி ஆங்கிலேயர் காலத்துக்கு வருவோம். முன்னாளில் செங்கற்பட்டு மாவட்டம் எனப்பட்ட நிலப்பகுதியே இன்றைய காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்கள். மிராசு முறை வேரூன்றிய நாடு இது. நிலம் மட்டுமன்று, தரிசும் தோப்பும் சேரியின் மனையும்கூடத் தமக்கே உரியவை என்று மிராசுதார்கள் கூறினர். அம்மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் என்பார் 1891இல் செங்கற்பட்டுப் பறையர்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதி அரசுக்கு அனுப்பினார். படியாள் முறை, கடன், கல்வியின்மை, நிலமின்மை எல்லாவற்றையும் எழுதிய அவர், மனையைப் பற்றிச் சிறப்பாக எழுதினார். குடியிருக்கும் குடிசையின் அடிமண் தனக்குச் சொந்தமில்லாதவன், கூலி கூட்டிக் கேட்டால் மறுநாளே குடிசையை விட்டு வெளியேற்றப்படலாம். தரிசு நிலம் வேண்டி விண்ணப்பம் போட்டாலும் அதே கதி. மனை இல்லாதவனுக்கு வாயும் இல்லை என்பதே அவர் கண்டதன் சாரம்.

அவ்வறிக்கையின் விளைவாக 1892 செப்டம்பரில் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் பேசுவது அதன் வழியாக வந்ததே. அந்நிலங்கள் எவ்வாறு கைமாறின என்பது தனியே ஒரு மலர் நிறைய எழுதத்தக்க கதை. அவற்றை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபரில் காரணை நிலத்துக்காக நின்ற ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர் என்பதை மட்டும் இங்கே வணக்கத்துடன் குறித்து மேலே செல்கிறோம். ஏனெனில் நம் பொருள் விளைநிலம் அன்று, வீட்டுமனை. மனை யாருக்குச் சொந்தம் என்ற வினாவைத்தான் அன்றைய அரசு தீர்க்காமல் தயங்கித் தயங்கித் தள்ளிப்போட்டது. விளைநிலம் கொடுத்தாலும் மிராசுதார் பொறுத்துக்கொள்ளக்கூடும். மனையைக் கொடுத்தால் ஆளே கைவிட்டுப் போவான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த நூறு ஆண்டுகளில் மனைக்கான சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1920ஐ ஒட்டி லேபர் கமிஷனர் என்ற அதிகாரி அமர்த்தப்பட்டு, மனைக்கு நிலம் எடுக்கவும் கிணறு வெட்டவும் பள்ளி திறக்கவும் தொடங்கினார். முதியோர் "லேபர் பள்ளிக்கூடம்" என்று சொல்லும் பெயர் அவ்வகையில் வந்தது. நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக, 1924இல் பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லார்க்கும் உரியவை என்று அரசு ஆணையிட்டது. 1961இல் குடியிருப்பு மனையிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது; 1971இல் அம்மனையைக் குடியிருப்போர்க்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது; 1978இல் அரிசன நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் சட்டம் வந்தது. ட்ரெமென்ஹீர் எழுதியதற்கும் 1971க்கும் இடையே எண்பது ஆண்டுகள்! ஒருவன் பிறந்து, வளர்ந்து, முதிர்ந்து, இரைத்து இறக்கும் காலம் அது.

சட்டம் வந்தபின்னும் எந்த நிலம் கிடைத்தது என்று பார்க்க வேண்டும். காலனிக்கு நிலம் எடுக்கும்போது விளையும் மேட்டுநிலத்தைக் காட்டியவர்களை நாம் அதிகம் கண்டதில்லை. சுடுகாட்டுக்கு அண்டையில், ஏரிக்கு அடியில், கல்மலைக்கு ஓரத்தில் என்றே பெரும்பாலும் அமைந்தது. பழைய சேரியின் திசை புதிய காலனிக்கும் தொடர்ந்தது.

இத்தகைய வரலாறு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1930களில் வீட்டுக் கடனுக்காக அரசு நிறுவனமொன்று நகரங்களுக்கு வரைபடம் வரைந்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைக் கடன் கொடுக்கத் தகாதவையென்று சிவப்பு வண்ணத்தால் குறித்தது. அம்முறை 1968இல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஆயினும் 2020இல் கலிபோர்னியாவின் எட்டு நகரங்களை ஆராய்ந்தவர்கள், அன்று சிவப்பாகக் குறிக்கப்பட்ட பகுதிகளில் ஆஸ்துமாவுக்காக அவசரச் சிகிச்சைக்கு ஓடுவோர் விகிதம், சிறந்தவை எனக் குறிக்கப்பட்ட பகுதிகளைவிட 2.4 மடங்கு என்று கண்டனர். வரைபடம் வரைந்தவர்கள் மண்ணுக்குள் போயினர். அவர்கள் போட்ட கோடு குழந்தைகளின் நெஞ்சுக்குள் இருக்கிறது.

மனைக்கு வெளியே இருந்து இனி வீட்டுக்குள் வருவோம். நம் தாய்மார்கள் ஊதுகுழலால் ஊதிய அடுப்பை நாம் மறக்க முடியாது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் அம்மையாரும் குழுவினரும் தமிழ்நாட்டு நாட்டுப்புற வீடுகளில் அடுப்புப் புகையை அளந்து 2002இல் வெளியிட்டனர். விறகும் எருவும் எரியும் வீட்டில் சமைக்கும் நேரத்து நுண்தூசி ஒரு கன மீட்டருக்கு 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. நாள் முழுவதுக்கும் சராசரி பார்த்தால், சமைப்பவர் 231 மைக்ரோகிராமும், அதே வீட்டில் சமைக்காதவர் 90 மைக்ரோகிராமும் நிறைந்த காற்றைச் சுவாசித்தனர். ஒரே கூரைக்குக் கீழேயே ஆண் சுவாசிக்கும் காற்று வேறு, பெண் சுவாசிக்கும் காற்று வேறு! ஊருக்கும் சேரிக்கும் உள்ள வேறுபாட்டைப் பேசும் நாம் இதனையும் பேசியாக வேண்டும். மடியில் கிடக்கும் குழந்தையும் தாயின் காற்றையே சுவாசிக்கிறது.

ஓலைக் குடிசைக்கு ஓர் இயல்பு உண்டு: கூரையின் இடுக்குகள் வழியே புகை மெல்லக் கசிந்து வெளியேறிவிடும். 1980களிலிருந்து வந்த தொகுப்பு வீடுகளில் கான்கிரீட் கூரை வந்தது. தீப்பற்றி எரிந்து சாம்பலாகும் அச்சம் நீங்கியது. அது பெரும் பேறே. ஆனால் சமையலுக்குத் தனி இடமும் புகைபோக்கியும் இல்லாத வீடுகளில் புகை உள்ளேயே சுழன்றது. சில ஆண்டுகளில் தளம் ஒழுகத் தொடங்கவே, சுவரில் கறுப்புப் பூஞ்சை ஏறியது. குடிசையே மேல் என்று சொல்ல வரவில்லை. ஓலையில் எலியும் கரப்பானும் குடியிருக்கும். வீடு கொடுப்பவர்கள் சதுர அடியை மட்டும் அளந்தார்கள், காற்றோட்டத்தை அளக்கவில்லை என்பதே நம் வருத்தம்.

எரிவாயு அடுப்பு 2006க்குப் பின் மாநில அரசின் இலவசத் திட்டத்தாலும், 2016 முதல் நடுவண் அரசின் உஜ்வலா திட்டத்தாலும் பெரும்பாலான வீடுகளுக்கு வந்துவிட்டது. உருளை தீர்ந்தால் அடுத்ததற்குப் பணமில்லாத மாதங்களில் வேலிகாத்தான் முள்விறகே துணை. சீமைக்கருவேல் என்று நூல்களில் எழுதப்படும் அம்மரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் மகரந்தமே ஒவ்வாமை தருவது. எரித்தால் புகையும் தரும். ஊர் விட்ட புறம்போக்கில்தான் அது செழிக்கிறது. புறம்போக்கின் ஓரத்தில்தான் நாம் இருக்கிறோம். நாகப்பட்டினம், விழுப்புரம் பகுதிகளையும் உள்ளடக்கி நான்கு நாடுகளில் கருவுற்ற பெண்களுக்கு எரிவாயு கொடுத்து ஆராய்ந்ததன் முடிவு 2022இல் வெளியாயிற்று. புகை நன்கு குறைந்தது. ஆனால் எதிர்பார்த்தபடி குழந்தைகளின் பிறப்பெடை கூடவில்லை. அடுப்பை மாற்றினாலே எல்லாம் மாறிவிடும் என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும். அதற்காக விறகுக்குத் திரும்பலாம் என்பதன்று. கொசுவர்த்திச் சுருளும் அத்தகையதே: மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் நுண்தூசிக்கு ஈடாகும் என்று 2003இல் கண்டறிந்தனர். நீர் தேங்கும் பள்ளத்தில் மனை, ஆகவே கொசு, ஆகவே சுருள், ஆகவே இரைப்பு.

இன்று நம் வட்டத்தில் எல்லாவற்றிலும் பெரிது கல்தூசி. நம் குன்றுகள் கருங்கல் குவாரிகளாயின. அவற்றையொட்டிக் கிரஷர்கள் வந்தன. ஆற்றுமணல் அரிதானபின் எம்-சாண்ட் அரைப்பு மிகுந்தது. சென்னையின் மாடிகள் உயர நம் மலைகள் தாழ்கின்றன. அங்கே கூலிக்குச் செல்வோரில் நம்மவரும் உண்டு. அந்தச் சாலையோரத்தில் குடியிருப்போரும் நம்மவரே. இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். கல்தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து வடுவாக்கும் சிலிக்கோசிஸ் வேறு, ஆஸ்துமா வேறு. முன்னது மாறாதது, காசநோயென்று தவறாக மருந்து கொடுக்கப்படுவதும் உண்டு. கல் வேலை செய்பவர் மருத்துவரிடம் முதலிலேயே தம் தொழிலைச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959 என்பவற்றின் 36ஆம் விதி, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தரலாகாது என்கிறது. நல்ல விதி. ஆனால் குடியிருப்பு என்றால் எது? வருவாய்ப் பதிவேடுகளில் ஊர்மனையாகவோ வீட்டுமனையாகவோ குறிக்கப்பட்டதும், உள்ளாட்சி அல்லது திட்டக் குழுமம் ஒப்புதல் தந்ததுமே குடியிருப்பு என்று அவ்விதியே பொருள் கூறுகிறது. புறம்போக்கில் மூன்று தலைமுறையாக இருந்தும் பதிவேட்டில் ஏறாத நாற்பது வீடுகளிலிருந்து யாரும் 300 மீட்டரை அளக்கத் தொடங்குவதில்லை. அளவு நாடா பட்டாவிலிருந்துதான் புறப்படும். சொந்த மனை உடையவனுக்கே ஓலை என்று 919இல் எழுதியதற்கும் இதற்கும் எத்துணைத் தூரம் என்று நீங்களே கருதிப் பாருங்கள்.

மருந்தைப் பற்றி ஒரு சொல். இன்ஹேலர் பழகினால் விடாது என்ற அச்சம் நம் தாய்மாரிடையே ஆழமாக இருக்கிறது. அது தவறான அச்சம். வாய்வழி விழுங்கும் மாத்திரையைவிடச் சிறிய அளவு மருந்து நேரே குழலுக்குச் செல்ல வகை செய்வது அக்கருவி. திணறும்போது இழுக்கும் மருந்து வேறு, திணறல் வராமல் தடுக்க நாள்தோறும் இழுக்கும் மருந்து வேறு. இரண்டாவதை நிறுத்திவிட்டு முதலாவதை மட்டும் நம்பியிருப்பதே ஆபத்து. ஆடாதோடையும் தூதுவளையும் நம் பாட்டிமார் தந்த செல்வம். அவற்றை உண்பதில் தடையில்லை. ஆனால் உதடு நீலம் பூக்கத் திணறும் பிள்ளையைக் கஷாயத்துக்காகக் காக்க வைக்கலாகாது.

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக மாலைப்பள்ளியும் நூலகமும் நடத்திப் பட்டதாரிகளை உருவாக்கியுள்ளது. அப்பட்டதாரிகளுக்கு ஒரு பணி கூறுகிறோம். உங்கள் கிராமத்தின் அ-பதிவேடு, நத்தம் அடங்கல், புலப்படம் மூன்றையும் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ விண்ணப்பித்துப் பாருங்கள். காலனியின் ஒவ்வொரு வீடும் எந்தப் புல எண்ணில் நிற்கிறது, அப்புலம் நத்தமா, ஏரிப் புறம்போக்கா, மேய்க்காலா, பட்டா யார் பெயரில் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். வீட்டுக்கு எதிரே மற்றொரு கட்டம் போடுங்கள்: அடுப்பு எது, கூரை எது, இரைப்பு உடையவர் எத்தனை பேர், எந்த மாதத்தில். குவாரியோ கிரஷரோ அருகில் இருந்தால் கடைசி வீட்டிலிருந்து அதன் எல்லை எத்தனை மீட்டர் என்று அளந்து குறியுங்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. அக்குறிப்பேட்டின் நகலை மனுவோடு இணைத்து அங்கே தீர்மானமாகப் பதியச் செய்து, பதிவான தீர்மானத்தின் நகலைக் கையொப்பத்துடன் பெற்றுச் சங்க நூலகத்தில் ஒப்படையுங்கள். அதற்கென்று ஒரு நிலைப்பெட்டி ஒதுக்கச் செயற்குழு இசைந்துள்ளது.